ஒரு நாள், இரண்டு நாற்காலி

அலுவலகத்தில் எனக்குத் தணிக்கை வேலை. வருடத்துக்கு ஏழெட்டு ஊர்களுக்கு அனுப்புவார்கள். வேலை முடிந்ததும் ஒரு நாள் விடுப்புப் போட்டு அந்த ஊரிலேயே தங்கிவிடுவேன். தோதுப்பட்டால் அக்காவும் வந்து சேர்ந்துகொள்வாள். அந்த ஒரு நாளில் கோட்டை, அருங்காட்சியகம் என்று எதற்கும் டிக்கெட் வாங்குவதில்லை. டீ குடிப்போம், சாப்பிடுவோம், நடுவில் கொஞ்சம் நடப்போம்.

இதற்கு எதற்கு ஒரு வழிகாட்டி என்று கேட்கலாம். முதல் முறை நானும் அப்படித்தான் நினைத்தேன். பட்டியல் போடாமல் என் கை சும்மா இருக்காது. ஐந்து இடங்களைக் குறித்து, நேரமும் எழுதி, அக்காவுக்கு அனுப்பிவிட்டேன். மூன்றாவது இடத்துக்குப் போகும்போதே வயிறு கல்லாகக் கிடந்தது. நாலாவது இடத்தில் அக்கா மெனுவைத் தொடவே இல்லை. ஐந்தாவது இடத்துக்குப் போன் செய்து மேஜை வேண்டாம் என்று சொன்னேன். அன்றைக்குக் குடித்த ஆறு கப் டீயின் புண்ணியத்தில், இரவு மூன்று மணிவரை விடுதி அறையின் மின்விசிறியை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு எங்களுக்கு ஒரே விதி. ஒரு நாளைக்கு இரண்டு இடத்தில்தான் உட்கார வேண்டும். ஒன்று சாப்பாட்டுக்கு, ஒன்று டீக்கு. வேறெது வாயில் போட்டாலும் நின்றபடியோ நடந்தபடியோ அறையிலோதான். எந்த நாற்காலியை எந்த நேரத்தில் போடுவது என்பது தெரிந்துவிட்டால் மீதி தானாக நடக்கும்.

முந்தைய நாள் செய்ய வேண்டிய போன்கள்

முதலில் பெரிய சாப்பாடு மதியமா இரவா என்று முடிவு செய்யுங்கள். என் ஓட்டு எப்போதும் மதியத்துக்கு. சமையலறை ஒன்றுதான், ஆட்களும் அவர்களேதான், ஆனால் பல நல்ல உணவகங்களில் மதிய மெனு சிறியது, விலையும் குறைவு. ஜன்னல் வழியே ஊரைப் பார்க்கலாம். சாப்பிட்டதைச் செரிக்க வைக்க ஒரு முழு சாயங்காலம் கையில் இருக்கும். இரவில்தான் நல்ல உணவகம் களைகட்டும் என்று நினைப்பவர்கள் தலைகீழாகச் செய்யலாம். டீயைக் காலை பதினொரு மணிக்கு வைத்துக்கொண்டு, மதியம் பழமோ சூப்போ போதும் என்று இருந்துவிட்டு, இரவில் நிதானமாக உட்காருங்கள். எப்படிச் செய்தாலும் இரண்டு உட்காரலுக்கும் நடுவே குறைந்தது மூன்று மணி நேர இடைவெளி வேண்டும்.

மதியச் சாப்பாட்டில் ஒரு கண்ணி இருக்கிறது. பல உணவகங்களில் மதியத்துக்கும் இரவுக்கும் நடுவே அடுப்பை அணைத்துவிடுவார்கள். வாசலில் எழுதியிருப்பது கதவைச் சாத்தும் நேரம். சமையலறை அதற்கு அரை மணி, சில இடங்களில் ஒரு மணி நேரம் முன்னாலேயே ஆர்டர் எடுப்பதை நிறுத்திவிடும். மூன்று மணிவரை திறந்திருக்கும் என்று போட்டிருந்த ஓர் இடத்துக்கு இரண்டு ஐம்பதுக்குப் போய் நின்றோம். மிகவும் மரியாதையாக ஆளுக்கு ஒரு கிண்ணம் சூப்பும் கொஞ்சம் ரொட்டியும் கொடுத்து அனுப்பினார்கள். ஆகவே போனில் "எத்தனை மணிவரை திறந்திருக்கும்?" என்று கேட்காதீர்கள். "கடைசி ஆர்டர் எத்தனை மணிக்கு?" என்று கேளுங்கள். வார விடுமுறை என்றைக்கு என்பதையும் அதே போனில் கேட்டுவிடுங்கள். செல்போன் வரைபடத்தில் காட்டும் நேரத்தை யாராவது எப்போதோ பதிந்திருப்பார்கள்.

டீ நாற்காலிக்கும் ஒரு போன் தேவை. அடுக்குத் தட்டில் சாண்ட்விச், ஸ்கோன் (பன் மாதிரி ஒரு சின்ன ரொட்டி), கேக் என்று வைத்துக் கொடுக்கும் இடங்களில் தலைக்கு இவ்வளவு என்று எண்ணித்தான் செய்வார்கள். முன்கூட்டியே சொல்லாமல் போனால் கிடைக்காது. மேஜைக்கு நேர வரம்பும் இருக்கலாம், ஒன்றரை மணி அல்லது இரண்டு மணி என்று. எங்கள் உத்தி இது: சாப்பாட்டுக்கு முதல் நேரத்தைக் கேட்கிறோம், டீக்குக் கடைசி நேரத்தைக் கேட்கிறோம். முதல் நேரத்தில் போனால் நல்ல மேஜை கிடைக்கும். கடைசி நேரத்தில் போனால் அடுத்து அந்த மேஜைக்குக் காத்திருக்க யாரும் இல்லை என்பதால் எழுப்ப மாட்டார்கள். தூக்கம் கெடுமோ என்று பயப்படுகிறவர்களுக்கு மட்டும் இது சரிப்படாது, ஏன் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

இன்னொன்று. 'ஹை டீ' என்ற பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். பிரிட்டனில் அது முதலில் உழைக்கும் குடும்பங்கள் வேலை முடிந்து வந்து உயரமான சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்ட மாலை உணவு. சாண்ட்விச்சும் கேக்குமாகச் சிறிய மேஜைகளில் பரிமாறியது 'ஆஃப்டர்நூன் டீ'. 1840களில் பெட்ஃபோர்டு சீமாட்டி அன்னா, மதியத்துக்கும் தாமதமான இரவு உணவுக்கும் நடுவே பசி தாங்காமல் ஆரம்பித்த வழக்கம் என்று சொல்வார்கள். இப்போது விடுதிகள் இரண்டு பெயரையும் கலந்துகட்டி வைக்கின்றன. தட்டில் என்னென்ன வரும், அசைவம் உண்டா, கேக்கில் முட்டை, கொட்டை உண்டா என்று நேராகக் கேட்டுவிடுவது நல்லது.

காலை

விடுதி வாடகையில் காலை உணவும் சேர்ந்திருந்தால் அதை விட மனம் வராது. எனக்கும் வராது, கொடுத்த காசுக்குக் கணக்குப் பார்ப்பதே என் தொழில். ஆனால் அந்த நீளமான மேஜையில் எல்லாவற்றையும் ஒரு கை பார்த்துவிட்டுப் போனால் அன்றைய நாள் அங்கேயே முடிந்துவிடும். பழம், தயிர், ஒரு துண்டு ரொட்டி. அவ்வளவோடு எழுந்துவிடுங்கள். வெறும் வயிற்றில் கடுமையான டீ குடித்தால் எனக்குக் குமட்டும், அதனால் அந்த ஒரு துண்டையும் நான் விடுவதில்லை.

கஃபீன் கணக்கைக் காலையிலேயே தொடங்குங்கள். ஒரு கப் கறுப்புத் தேநீரில் ஏறக்குறைய 40 முதல் 50 மில்லிகிராம் இருக்கும். அதே அளவு காபியில் சுமார் இரண்டு மடங்கு. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம்வரை கவலையில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் சொன்னது. கர்ப்பிணிகளுக்கு 200. இந்த எண்ணைவிட எனக்கு உதவியது வேறொரு கணக்கு: குடித்த கஃபீனில் பாதி உடம்பைவிட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஆளுக்கு ஆள் இது மாறும். ஆனால் நாலு மணிக்குக் குடித்ததில் பாதி ஒன்பது மணிக்கும் உள்ளேயே உட்கார்ந்திருக்கும். நான் மின்விசிறி எண்ணியதற்குக் காரணம் அதுதான். உங்களுக்கும் அப்படியென்றால் டீயைக் காலைக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் சாயங்காலம் ஒரே ஒரு கப்போடு நிறுத்துங்கள்.

சாப்பாட்டு மேஜை

மேஜையைக் காட்டியதும் உட்கார்ந்துவிடாதீர்கள். ஒரு நிமிடம் நின்று பாருங்கள். தலைக்கு மேலே குளிர்காற்று விழுகிறதா, பக்கத்தில் ஸ்பீக்கர் இருக்கிறதா, சமையலறைக் கதவு முதுகுக்குப் பின்னால் திறந்து மூடுகிறதா? இரண்டு மணி நேரம் இருக்கப்போகிற இடம். வேறு மேஜை கேட்பதில் தப்பே இல்லை, உட்கார்வதற்கு முன்னால் கேட்டால் அவர்களுக்கும் சிரமமில்லை.

ஆர்டரை இரண்டு தவணையாகக் கொடுங்கள். வயிறு நிறைந்த சேதி மூளைக்குப் போய்ச் சேரச் சுமார் இருபது நிமிடம் ஆகும் என்பார்கள். பசியோடு மெனுவைப் பார்க்கும்போது எல்லாமே வேண்டும் போலிருக்கும். முதலில் சின்னதாக இரண்டு, பகிர்ந்துகொள்ள. அது முடிந்து பத்து நிமிடம் கழித்து மெனுவை மறுபடி கேளுங்கள். சர்வரிடம் ஆரம்பத்திலேயே "எங்களுக்கு அவசரமில்லை, ஒவ்வொன்றாகக் கொண்டுவாருங்கள்" என்று சொல்லிவிட்டால் அவரும் நிம்மதியாக இருப்பார். "எது நல்லா இருக்கும்?" என்று கேட்டால் "எல்லாமே நல்லா இருக்கும்" என்றுதான் பதில் வரும். "இன்றைக்குப் புதிதாக என்ன வந்திருக்கிறது?" என்று கேட்டுப்பாருங்கள், அவர் நின்று யோசித்துப் பதில் சொல்வார்.

சாப்பிட்டு முடித்ததும் "டீ, காபி ஏதாவது?" என்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். டீயின் பாலிஃபீனால்கள், முக்கியமாக அந்தத் துவர்ப்புப் பொருள், காய்கறி, பருப்பு, கீரையிலிருந்து வரும் இரும்புச்சத்தை உடம்பு உறிஞ்சவிடாமல் பிடித்துக்கொள்ளும். அக்கா இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவள், மருத்துவர் அவளுக்கு ஒரு மணி நேர இடைவெளி சொல்லியிருக்கிறார். எனக்கு அந்தக் கவலை இல்லாவிட்டாலும் அவளோடு சேர்ந்து நானும் வேண்டாம் என்கிறேன். டீக்குத்தான் தனி நாற்காலி காத்திருக்கிறதே.

பில்லைப் படியுங்கள். சேவைக் கட்டணம் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறதா என்பது மெனுவின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். சேர்ந்திருந்தால் தனியாக வைக்க வேண்டுமா என்பது உங்கள் விருப்பம். ஒரு முறை பக்கத்து மேஜைக்காரர்கள் சாப்பிட்ட ஐஸ்கிரீம் எங்கள் பில்லில் வந்து உட்கார்ந்திருந்தது. நான் கூட்டிப் பார்க்கும்போதெல்லாம் அக்கா வேறு பக்கம் பார்ப்பாள். அன்றைக்கு மட்டும் பார்க்கவில்லை.

நடுவில் நடை

இரண்டு நாற்காலிக்கும் நடுவே இரண்டு, மூன்று கிலோமீட்டர் தூரம் இருக்கும்படி இடங்களைத் தேர்ந்தெடுங்கள். நடந்தால் நாற்பது நிமிடம். நின்று வேடிக்கை பார்த்தால் ஒன்றரை மணி. ஊரைப் பார்ப்பது அந்த நேரத்தில்தான். புதுச் செருப்பு வேண்டாம். கிளம்புவதற்கு முன் உணவகத்திலேயே கழிப்பறைக்குப் போய்விடுங்கள். நடைக்கு வேறு ஆலோசனை என்னிடம் இல்லை.

டீ மேஜை

இங்கேதான் நான் நீட்டிப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நல்ல தேநீரகத்தில் மெனு நாலு பக்கம் இருக்கும், பார்த்ததும் தலை சுற்றும். அத்தனையும் ஒரே செடிதான், கமேலியா சினென்சிஸ். பறித்த இலை காற்று பட்டு எவ்வளவு ஆக்சிஜனேற்றம் அடைந்தது என்பதில்தான் பெரும்பாலான வேறுபாடு. பறித்ததும் சூடு காட்டி அதை நிறுத்திவிட்டால் பச்சைத் தேநீர். பாதியில் நிறுத்தினால் ஊலாங். முழுக்க விட்டால் கறுப்புத் தேநீர். வெள்ளைத் தேநீர் என்பது இளம் மொட்டும் தளிரும் வாட்டி உலர்த்தியது. நிறம் வெளுத்திருப்பதால் கஃபீன் இருக்காது என்று நினைத்துவிடாதீர்கள், இருக்கிறது. மச்சா என்ற ஜப்பானியப் பச்சைத் தேநீரில் இலைப் பொடியையே கலக்கிக் குடிப்பதால் இன்னும் கவனம் வேண்டும். கெமோமில், புதினா, ரூயிபோஸ் போன்றவை தேயிலையே இல்லை, வேறு செடிகளின் பூவும் இலையும். மாலை ஆறு மணிக்கு மேல் எனக்கு அவைதான்.

பெயர்களில் இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும். 'ஆரஞ்சு பெக்கோ'வில் ஆரஞ்சு கிடையாது, அது இலையின் அளவையும் முழுமையையும் வைத்துச் சொல்லும் தரம். 'ஏர்ல் கிரே'யில் வருவது பெர்கமாட் என்ற ஒரு நாரத்தைக் குடும்பப் பழத்தோலின் எண்ணெய் வாசனை. சிலருக்கு அது சோப்பு வாசனையாகத் தெரியும், அக்கா அந்தக் கட்சி.

இருவர் போனால் இரண்டு வேறு டீபாட் சொல்லுங்கள். மென்மையானதை முதலில் குடியுங்கள், கடுமையானது பிறகு. மாற்றிக் குடித்தால் பச்சைத் தேநீர் வெந்நீர் போலிருக்கும்.

தண்ணீரின் சூட்டைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். பச்சைத் தேநீருக்கு 70 முதல் 80 டிகிரி. ஊலாங்குக்கு 85 முதல் 95. கறுப்புக்குக் கொதிக்கக் கொதிக்க. கொதிநீரைப் பச்சை இலைமேல் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தால் கசப்பைத் தவிர எதுவும் மிஞ்சாது. தனிப்பட்ட அனுபவம்: பெரிய பெயர் உள்ள ஓரிடத்தில் அப்படித்தான் வந்தது, அதோடு இலையை எடுக்கவும் வழியில்லாத பாத்திரம். முதல் கப் பரவாயில்லை, இரண்டாவதில் நாக்கு இழுத்துக்கொண்டது, மூன்றாவதை ஜன்னலோரச் செடிக்கு ஊற்றலாமா என்று பார்த்தேன். இப்போதெல்லாம் ஆர்டர் கொடுக்கும்போதே கேட்டுவிடுகிறேன்: வடிகட்டியை வெளியே எடுக்க முடியுமா, முடியாவிட்டால் காலி டீபாட் ஒன்று தர முடியுமா? இறங்கிய டீயை அதில் வடித்து வைத்துவிட்டால் எவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்தாலும் கசக்காது. கூடவே ஒரு பாத்திரம் வெந்நீரும் கேளுங்கள். நல்ல ஊலாங் இலையில் மூன்று நாலு முறையாவது தண்ணீர் ஊற்றலாம், இரண்டாவது ஊற்றுத்தான் எனக்குப் பிடிக்கும்.

மலைமேல் இருக்கும் ஊர் என்றால் கறுப்புத் தேநீர் சற்றுச் சப்பென்று இருக்கலாம். கடைக்காரர்மேல் குற்றமில்லை. சுமார் 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை ஒரு டிகிரி இறங்கும். 2000 மீட்டரில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஒரு நிமிடம் கூடுதலாக ஊறவிடுங்கள். கோப்பையில் மேலே மெல்லிய ஏடு மாதிரி மிதந்தால் அது அந்த ஊரின் கடினநீர், அழுக்கில்லை.

எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்பதற்கு ஐஎஸ்ஓ 3103 என்று ஒரு சர்வதேசத் தரமே இருக்கிறது. 1980இல் வந்தது. 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் இலை, கொதிநீர், ஆறு நிமிடம். இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது, டீக்கும் ஒரு தணிக்கை முறை! ஆனால் அது ஒரு தேயிலையை இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனைக்கு வைத்தது. குடித்து அனுபவிக்க மூன்று, நாலு நிமிடம் போதும்.

பால் ஊற்றுவதற்கு முன் ஒரு வாய் வெறுமனே குடித்துப் பாருங்கள். பாலிலுள்ள புரதம் துவர்ப்பைக் கட்டிப்போடும், கடுமையான தேநீருக்கு அது நல்லது. மென்மையானதில் ஊற்றினால் இருக்கிற வாசனையும் போய்விடும். வந்த உடனே உதட்டில் வைக்கவும் வேண்டாம். 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்களைக் குடிப்பது புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் வகைப்படுத்தியது. பிரச்சினை சூட்டில்தான், டீயில் இல்லை. சில நிமிடம் ஆறவிட்டால் ருசியும் கூடுதலாகத் தெரியும்.

அடுக்குத் தட்டை எப்படிச் சாப்பிடுவது? கீழ்த்தட்டில் உப்பு வகை, நடுவில் ஸ்கோன், மேலே இனிப்பு, கீழிருந்து மேலே போக வேண்டும் என்பது முறை. நான் ஸ்கோனில்தான் தொடங்குவேன். அது ஒன்றுதான் சூடாக வருவது, சாண்ட்விச் முடியும்வரை காத்திருந்தால் ஆறிக் கெட்டிப்பட்டுவிடும். யாரும் ஒன்றும் சொன்னதில்லை. மேல்தட்டு இனிப்புகள் பெரும்பாலும் எங்களால் முடியாது. க்ரீம் இல்லாததாகப் பார்த்து ஒரு பெட்டியில் கட்டித் தரச் சொல்கிறோம். க்ரீம் உள்ளதை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, அதை அங்கேயே முடித்துவிடுங்கள் அல்லது விட்டுவிடுங்கள்.

இரவு

இரவுச் சாப்பாடு என்று ஒன்றைத் திட்டமிடாதீர்கள். எட்டு மணிக்குப் பசித்தால் வழியில் வாங்கிய பழம் இருக்கிறது. பசிக்காவிட்டால் அதுவும் வேண்டாம். அறையில் கெட்டில் இருந்தால் ரூயிபோஸ் ஒரு பாக்கெட்டைப் பையில் வைத்திருங்கள், எடையே இல்லை.

நான் கட்டிலில் உட்கார்ந்து அன்றைய பில்களை நோட்டில் ஒட்டுவேன். பக்கத்தில் எந்த மேஜை, எந்த டீ, இரண்டாவது ஊற்று எப்படி இருந்தது என்று ஒரு வரி. கால்களை நாற்காலிமேல் போட்டுக்கொண்டு அக்கா அந்தப் பெட்டியைத் திறப்பாள். "ஒன்றே ஒன்று" என்பாள். நான் நோட்டை மூடும்போது பெட்டி காலியாகத்தான் இருக்கும்.